ஓடும் ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளுமா?

கடைமடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாக்குவாதத்தைத் தீர்த்துவைக்க உங்கள் உதவி வேண்டும். "ஓடுகிற தண்ணீர் கெடாது. சாக்கடையே கலந்தாலும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் தானாகத் தெளிந்துவிடும்" என்கிறார் நண்பர் ஒருவர். கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான் இருக்கிறது. கழிவு கலக்கும் இடத்தில் கறுத்து நாறும் ஆறு, வெகுதூரம் தள்ளிப் போய்ப் பார்த்தால் தெளிந்து ஓடுகிறது. அப்படியானால் நாம் இவ்வளவு பதறுவது எதற்கு? ஆற்றுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வுக்குடுவை எழுதியது:

உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை மறுத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் மீதியை அவர் கேட்கமாட்டார். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மட்கக்கூடிய கழிவு ஆற்றில் விழுந்ததும் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. தின்று செரிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கையிருப்போ மிகச் சிறியது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரை. வீட்டுச் சாக்கடை நீர் ஒரு லிட்டர் கேட்பதோ 200 முதல் 300 மில்லிகிராம். இந்தக் கேட்பைத்தான் அறிக்கைகளில் பி.ஓ.டி. என்று பார்க்கிறீர்கள். மாதிரியை மூடிய குப்பியில் இருட்டில், 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது கழிவு விழும் இடத்தில் அல்ல. அதற்குக் கீழே கணிசமான தூரம் தள்ளி. பாக்டீரியாக்கள் வேகம் பிடிக்க நேரம் வேண்டுமே. அதற்குப் பிறகு காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கரைந்து மெல்ல மேலேறும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்ந்த கயிறு போல இருக்கும். உங்கள் நண்பர் கயிற்றின் இரண்டு முனைகளைப் பார்க்கிறார். மீன்கள் சாவது நடுத் தொய்வில். ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதே பல மீன்களுக்குத் திணறல் தொடங்கிவிடும். 2ஐ நெருங்கினால் பெரும்பாலானவை பிழைக்காது.

தொய்வு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் வேலையைக் கையில் எடுக்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அடிச்சேறு கறுப்பது இரும்பு சல்ஃபைடு. ஆறு கறுத்து நாறுகிறது என்றால் அங்கே மூச்சு நின்று நெடுநேரம் ஆகிவிட்டது என்று பொருள்.

வண்டல் எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. ஆனால் நீங்கள் சொன்னதையே என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். ஆறு சரியாகிவிடுகிறது அல்லவா? தொழிற்சாலைகளோடு தொடர்புள்ள வேலையில் இருப்பவன் நான். கழிவுநீர் என்றாலே குற்றம் என்று பேசுவது நியாயமாகப் படவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? லிட்டருக்கு இவ்வளவு என்று அரசே வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் விட்டால் பெரிய ஆறு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தத் தொழில்களை நம்பி இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாணல் எழுதியது:

அளந்துதான் போட வேண்டும் வண்டல் அவர்களே. எதை அளக்கிறோம் என்பதில்தான் என் சண்டை.

ஒரு ஆலை நாளொன்றுக்கு 100 கனமீட்டர் கழிவுநீர் விடுகிறது, அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் மாசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கிலோ. வரம்பு 20 மில்லிகிராம் என்றால், 400 கனமீட்டர் நல்ல நிலத்தடி நீரை இறைத்து அதில் கலந்து விட்டால் போதும். குப்பியில் 20தான் காட்டும். அறிக்கை சுத்தம். ஆற்றுக்குப் போனது அதே 10 கிலோ. போதாக்குறைக்கு நல்ல தண்ணீரும் பாழ். லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு நாளுக்கு எத்தனை கிலோ என்றும் கேட்காத வரம்பு, வரம்பே அல்ல.

அடுத்து, தாங்கும் சக்தி. பி.ஓ.டி. 1 என்று ஓடும் மிக நல்ல ஆற்றில் 200 உள்ள சாக்கடையை விட்டு, கலந்த பிறகு 3ஐத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் சாக்கடைக்கு நூறு லிட்டர் ஆற்று நீர் வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த சாக்கடை வந்தால்? முதலில் வந்தவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆற்றுக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் கரை நெடுக ஊர்களை வைத்திருக்கிறோம்.

'பெரிய ஆறு' என்கிறீர்களே, உலகிலுள்ள எல்லா ஆறுகளின் தண்ணீரையும் ஒரு கணத்தில் நிறுத்தி அளந்தால் ஏறத்தாழ 2,120 கன கிலோமீட்டர்தான். பூமியின் மொத்தத் தண்ணீரில் 0.0002 சதவீதம். மொத்தத்தில் 97.5 சதவீதம் உப்பு நீர். மிச்சமிருக்கும் நன்னீரிலும் பெரும்பங்கு பனிக்கட்டியாகவும் நிலத்தடியிலும் கிடக்கிறது. ஆற்றின் பலம் அதன் அளவில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. உலகின் ஆற்று நீர் சராசரியாக இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. தண்ணீரைத் தடுத்தும் உறிஞ்சியும் ஓட்டத்தையும் எடுத்துவிட்டு, கழிவை மட்டும் பழைய அளவிலேயே விட்டுக்கொண்டிருந்தால், கடைமடையின் நண்பர் நம்பியிருக்கும் அந்த ஆறு அங்கே இல்லை.

இரவுப்பணி எழுதியது:

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். ஆறு செய்கிற அதே வேலையைத்தான் எங்கள் தொட்டியும் செய்கிறது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், காற்றை ஊதிய கழிவுநீரில் அடியில் தங்கும் கசடைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு அடுத்த நீரில் சேர்த்தார்கள். வாரக்கணக்கில் ஆனது மணிக்கணக்கில் முடிந்தது. இன்றும் உலகெங்கும் பெரும்பாலான நிலையங்கள் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

நான் முதலில் பார்ப்பது மீட்டரை அல்ல, தொட்டியை. கசடு நல்ல பழுப்பு நிறத்தில், மழை பெய்த மண் வாசனையோடு இருந்தால் உயிர்கள் நலமாக இருக்கின்றன. ஒரு லிட்டர் ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கசடு படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். எங்கிருந்தோ யாரோ இரவோடு இரவாக அமிலமோ கரைப்பானோ திறந்துவிட்ட நாளில் அதே ஜாடி கலங்கியே கிடக்கும், படியாது. தொட்டி முழுக்க நுரை தள்ளும். பல நாள் வளர்த்த உயிர்கள் ஒரே இரவில் போய்விடும். மறுபடி வளரும்வரை எங்கள் நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போவது அரைகுறைத் தண்ணீர்தான். அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வளர்வதில் மிகவும் மந்தம். அவை திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

வண்டல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழிலை மூடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் வால்வைத் திறப்பவர்களால், ஒழுங்காகச் சுத்திகரிக்கும் ஆலைகளும் சேர்ந்து பழி சுமக்கின்றன.

வண்டல் எழுதியது:

அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருட்டில் திறப்பவனைப் பிடித்துத் தண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆறு செத்தது செத்ததுதான் என்ற பேச்சு மக்களைச் சோர்வடையச் செய்கிறது. லண்டனின் தேம்ஸ் 1957இல் உயிரற்ற ஆறு என்று அறிவிக்கப்பட்டது. 1974இல் அதில் சால்மன் மீன் பிடிபட்டது. ஆறு மீண்டுவிட்டது அல்லவா?

நாணல் எழுதியது:

மீண்டது உண்மை. தானாக மீண்டதா என்பதுதான் கேள்வி.

1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே உட்கார முடியாமல் திணறியது. அதன் பிறகு பசல்கெட் என்ற பொறியாளர் பிரம்மாண்டமான நிலத்தடிச் சாக்கடைகளைக் கட்டினார். நகரத்தில் காலரா ஓய்ந்தது, பெரிய சாதனை. ஆனால் அந்தச் சாக்கடைகள் கழிவைச் சுத்தம் செய்யவில்லை, நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றில் கொட்டின. 1878இல் அந்த வெளியேற்று வாய்களுக்கு அருகே பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் படகு மோதி மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கழிவைத் திறந்துவிட்டுச் சற்று நேரமே ஆகியிருந்த தண்ணீரில் அவர்கள் தத்தளித்தார்கள். தள்ளிக் கொட்டினால் ஆறு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுதான் நினைவுக்கு வருகிறது.

ஆறு உண்மையில் திரும்பியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரும் செலவில் மேம்படுத்திய பிறகு. அமெரிக்காவின் குயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்ப் படலம் 1969 ஜூனில் தீப்பிடித்தது. அந்த ஆறு தீப்பிடித்தது அது முதல் முறையும் அல்ல. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. வாய்க்கால் வாய்க்காலாக அனுமதி, அளவு, அபராதம் என்று கட்டுப்படுத்திய பிறகுதான் அங்கும் மீன் திரும்பியது. கொட்டுவதை நிறுத்தினால் ஆறு மீளும். வண்டல் அவர்கள் சொல்லும் நம்பிக்கை எனக்கும் உண்டு, நிறுத்தினால் என்ற அந்த ஒரு சொல்லோடு.

ஆய்வுக்குடுவை எழுதியது:

இதுவரை நாம் பேசியது எல்லாம் மட்கும் கழிவு. ஆறு செரிக்கவே முடியாதவை இருக்கின்றன. கடைமடை அவர்கள் நண்பரிடம் சொல்ல வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

ஜப்பானின் ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் ஒரு துத்தநாகச் சுரங்கம். அதிலிருந்து கேட்மியம் என்ற நச்சு உலோகம் ஆற்றில் கலந்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவு. கீழே விவசாயிகள் அதையே நெல் வயலுக்குப் பாய்ச்சினார்கள். கேட்மியம் வயல் மண்ணில் தங்கி, அரிசியில் ஏறி, ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேர்ந்தது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு வலுவிழந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று, வயலில் உழைத்து, நடுவயதைத் தாண்டிய பெண்கள். இருமினாலே எலும்பு முறியும் அளவுக்கு வலி. அந்த வலியில் அவர்கள் எழுப்பிய ஓசையே நோய்க்குப் பெயரானது: இத்தாய்-இத்தாய். 1968இல் ஜப்பான் அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல் மண்ணை மாற்றி முடிக்க 2012 வரை ஆனது.

எந்த பாக்டீரியாவும் கேட்மியத்தைத் தின்று தீர்க்காது. ஈயம், பாதரசம், ஆர்சனிக் எல்லாம் அப்படித்தான். கரைந்த உப்பும் அப்படித்தான். நூறு கிலோமீட்டர் ஓடினாலும் இருந்தது இருக்கும். உலோகங்கள் வண்டலில் படிந்து தூங்கும். அடுத்த பெருவெள்ளத்திலோ தூர்வாரும்போதோ எழுந்து கிளம்பும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் மின்சாதன ஆலைகளிலிருந்து பி.சி.பி. என்ற வேதிப்பொருள் கலந்தது 1977இல் நின்றது. அடிவண்டலைத் தோண்டி அகற்றும் பணி 2015 வரை நடந்தது.

தளிர் எழுதியது:

கல்லூரி மாணவி. ஒரு சந்தேகம். எங்களிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு ஆறு நலமாக இருக்கிறதா என்று கரையில் நின்று அறிய வழி உண்டா?

கூழாங்கல் எழுதியது:

உண்டு மகளே. கரையில் நிற்காமல் முழங்கால் ஆழத்தில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பார்.

தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கித் திருப்பு. அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்களை விடாமல் அசைத்துக்கொண்டு, வால்முனையில் இரண்டு மூன்று மெல்லிய இழைகளோடு ஒரு பூச்சிக் குஞ்சு இருந்தால் அது மேஃபிளை. மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டிச் சின்னக் குழாய் கட்டி அதற்குள் வாழும் புழு காடிஸ். இந்த இரண்டுக்கும் ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். அவற்றின் பல இனங்கள் ஒரே கல்லில் இருந்தால் மனம் நிறையும். அவை இல்லாமல் சேற்றில் இரத்தச் சிவப்பாக நெளியும் புழுக்கள் மட்டும் இருந்தால், ஆக்சிஜன் குறைந்த இடம் அது. அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின். கிடைக்கும் சொற்ப ஆக்சிஜனைப் பிடித்துவைக்கத்தான் அது. கல்லின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு போல் வழவழப்பு தொங்கினால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது.

குப்பியில் எடுத்த தண்ணீர் அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். கல்லுக்கடியில் பல மாதம் வாழ்ந்த பூச்சி போன வாரம் நடுராத்திரி திறந்த வால்வையும் சேர்த்துச் சொல்லும். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்தில், இருந்த பக்கமாகவே வைத்துவிடு. தண்ணீர் நாறினாலோ நிறம் மாறியிருந்தாலோ இறங்கவே வேண்டாம்.

கடைமடை எழுதியது:

நண்பரிடம் இந்த இழையை அனுப்பினேன். "எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று பதில் வந்தது.

ஆய்வுக்குடுவை எழுதியது:

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அதற்காகக் காய்ச்சுவது நல்லது, கைவிட வேண்டாம். ஆனால் நைட்ரேட், ஆர்சனிக், ஃபுளூரைடு, உப்பு எதுவும் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அந்த வீட்டில் தாய் எவ்வளவு அக்கறையோடு காய்ச்சினாலும் அது குழந்தையைக் காப்பாற்றாது என்பது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத விஷயம்.

வயலில் மிஞ்சும் உரமும் இதே கதைதான். பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஆற்றில் சேர்ந்தால் பாசி பொங்கும். பகலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவில் அதுவே உறிஞ்சும். அதனால் நண்பகலில் எடுத்த மாதிரி பிரமாதமாக இருக்கும் இடத்தில், விடிவதற்கு முன் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கும். அந்தப் பாசி செத்து அழுகும்போது இன்னும் மோசம். மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் மிகக் குறைந்த பரப்பு உருவாகிறது. ஆற்றில் போட்டது கடலிலும் கரைந்து மறையவில்லை.

வண்டல் எழுதியது:

இப்போது மருந்து எச்சம், நானோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானோகிராம் வரை பூஜ்யமாக்கு என்றால் எந்த நாட்டாலும் முடியாது. எங்கோ ஓரிடத்தில் 'போதும்' என்று கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்?

நாணல் எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் கோடு எங்கே என்பதை அளவின் சிறுமையை வைத்து முடிவு செய்ய முடியாது. கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் 2001 முதல் மூன்று கோடைகள் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, அங்கே ஏராளமாக இருந்த ஒரு சிறு மீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. நிறுத்திய பிறகு மெல்லத் திரும்பியது.

இன்னொன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில், மழை பெய்ததும் முட்டையிட வந்த கோஹோ சால்மன்கள் நகர ஓடைகளில் சுழன்று சுழன்று செத்தன. சாக்கடையும் இல்லை, ஆலையும் இல்லை. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2020இல் காரணம் தெரிந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து வேறொரு நச்சாக மாறி, சாலையிலிருந்து மழைநீரோடு ஓடைக்கு வந்திருக்கிறது.

குழாய் முனையில் நின்று இதையெல்லாம் வடிகட்ட முடியாது என்பதில் நீங்கள் சொல்வது சரி. பொருளையே மாற்ற முடியும். 1950களில் புதிய சலவைத் தூள்களால் ஆறுகளில் மலை மலையாக நுரை நின்றது. அந்த மூலக்கூறு மட்கவில்லை. 1960களின் நடுவில் மட்கும் வகைக்கு மாறினார்கள். நுரை பெருமளவு அடங்கியது. சலவைத் தொழில் ஒன்றும் மூடப்படவில்லை.

வண்டல் எழுதியது:

சலவைத்தூள் எடுத்துக்காட்டு எனக்கு உதவும். எங்கள் கூட்டத்தில் பேச எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா வேதிப்பொருளுக்கும் மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது, அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தளிர் எழுதியது:

நாங்கள் சில தோழிகள் சேர்ந்து ஓர் ஓடையைத் தொடர்ந்து கவனிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கே, எப்போது மாதிரி எடுப்பது?

இரவுப்பணி எழுதியது:

கழிவு விழும் வாய்க்கு மேலே ஓரிடம், கீழே நன்றாகக் கலந்த பிறகு ஓரிடம், இன்னும் கீழே தள்ளி இரண்டு மூன்று இடங்கள். மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்தால் "அது முன்பே கெட்டுத்தான் வந்தது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். குப்பியின் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிரப்புங்கள். ஆக்சிஜன் பார்க்க வேண்டுமானால் குமிழி இல்லாமல் நிரப்பி அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துவந்து அளப்பதில் பயனில்லை. வெப்பநிலையையும் குறியுங்கள், இல்லாவிட்டால் ஆக்சிஜன் எண்ணுக்குப் பொருளில்லை.

ஆய்வுக்குடுவை எழுதியது:

ஒரு நாளாவது விடிவதற்கு முன் எடுங்கள், பெரியவர் ஒருவர் துணையோடு. கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையன்றும் எடுங்கள். சாலையிலும் சாக்கடையிலும் மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கு மொத்தமும் அன்றுதான் ஆற்றுக்கு வரும். கரைந்த உப்பை அளக்க, மின்கடத்துதிறன் பார்க்கும் சிறு மீட்டர் கையடக்கமாகக் கிடைக்கிறது. வாய்க்கு மேலும் கீழும் அந்த எண் பெரிதாக மாறினால் மட்கும் கழிவு மட்டுமல்ல, வேறு ஏதோ வருகிறது.

கூழாங்கல் எழுதியது:

ஓட்டத்தையும் அளக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள். அகலம், சராசரி ஆழம், மிதக்கும் குச்சி ஒன்று பத்து மீட்டர் போக எத்தனை வினாடி என்ற மூன்றும் இருந்தால் தோராயக் கணக்கு வந்துவிடும். மேல்மட்டத் தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கிக்கொள். நாணல் சொன்ன கிலோ கணக்கைப் போட அது இல்லாமல் முடியாது. முதல் மாத எண்களை இங்கே போடு மகளே, உட்கார்ந்து பார்ப்போம்.